முழுப் பரங்கிக்காயும் முதல் வெட்டும்

அம்மாவின் கீழ்வரிசையில் மிச்சமிருந்த பற்களை எல்லாம் பல் டாக்டர் ஒரே நாளில் எடுத்துவிட்டார். "ஈறு நல்லா ஆறட்டும், அப்புறம் செட் கட்டிக்கலாம். அதுவரைக்கும் மெல்லாம விழுங்கற மாதிரி எதாவது குடுங்க" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார். மெல்லாமல் விழுங்குகிற மாதிரி என்றதுமே எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் அனுமதி வாங்கினேன். ஓட்ஸ், சத்துமாவு, வாழைப்பழ ஸ்மூத்தி, கேரட் சூப் என்று வரிசையாக வீடியோ பார்த்து வைத்தேன். மிக்ஸியை இரண்டு முறை கழுவினேன்.

அம்மா எதையும் இரண்டு ஸ்பூனுக்கு மேல் தொடவில்லை. ஸ்மூத்தியைப் பார்த்து, "இது என்னட்டி, சீக்காளி வாந்தி எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். சூப்பில் மிளகு வாசனை. ஓட்ஸ் பசை. குழைய வடித்த ரசம் சாதம் ஒரு நாள் இறங்கியது, மறுநாள் அதுவும் வேண்டாம். ஆனால் மாத்திரை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று சனிக்கிழமை காலை தெரிந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள். நான் தோளைத் தாங்கிக் கூட்டிவந்து படுக்கவைத்தேன். கை சில்லென்று இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தால், "சாப்பிட்டுட்டுத்தானே மாத்திரை போடணும்? சாப்பிட வைங்க" என்றார். அதைத்தானே டாக்டர் நானும் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மின்விசிறியைப் பார்த்தபடி அம்மா சொன்னாள்: "மஞ்சப்பூசணி மசியல் இருந்தா ரெண்டு வாய் திங்கலாம்."

பற்கள் போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சாப்பாட்டுப் பெயர் அதுதான். இந்த ஊரில் அதைப் பரங்கிக்காய் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து மயிலாப்பூரில் இத்தனை காலம் இருந்தும் அம்மாவுக்கு அது மஞ்சப்பூசணிதான். காய் எந்தப் பெயரில் இருந்தால் என்ன, வேகவைத்து மசித்துக் கடுகு தாளித்தால் முடிந்தது. இதைவிடச் சுலபமான சமையல் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை குளித்த ஈரத் தலையோடு மாட வீதிக்கு ஓடினேன். நடைபாதையில் கோணி விரித்துக் காய் விற்கும் அம்மாவிடம் பரங்கிக்காய் பத்தை பத்தையாக வெட்டி அடுக்கியிருந்தது. ஈ மொய்த்தது. பக்கத்திலேயே முழுசாக ஒன்று, பச்சையும் காவியுமாக, வரி வரியாக, அப்படி ஒரு அழகு.

"அந்த முழுசு குடுங்க."

"முழுசா எடுத்துக்கினு போறியா? வூட்ல வெட்ட ஆள் கீதா?"

"நானே வெட்டிக்குவேன்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி கண்ணு, வெட்டிக்கோ" என்று சிரித்தார். தோல் கெட்டியாக இருக்கும், எனக்குத் தெம்பு போதாது என்று சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஜிம்முக்கெல்லாம் போகிறவள் நான். இடுப்பில் குழந்தையைத் தூக்கிவருவது போலத் தூக்கி வந்தேன்.

சமையல் மேடையில் காயை வைத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப்பார்த்தாள். கன்னத்தில் ஐஸ் மூட்டை. காயைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே இறக்கினாள்.

"ஏட்டி, என்ன இது? பத்தை வாங்காம?"

"பத்தையில ஈ மொய்க்குதும்மா. இது ஃப்ரெஷ்."

"முழுப் பூசணியப் பொம்பளை வெட்டப்பிடாது."

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஆம்பளை ஒரு வெட்டு போட்டுத் தரணுமாம். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் தோல் சீவலாம், துண்டு போடலாம், விதை எடுக்கலாம், அடுப்பில் நின்று வேகலாம். ஒரு நொடி வேலைக்கு ஆண், மிச்சத்துக்கெல்லாம் நாம். நான் படித்த படிப்புக்கு இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பேசினேன். கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேல் வீட்டு மாமாவக் கூப்பிடு" என்றாள்.

சரி, அவள் சாப்பிட்டால் போதும். மாடி ஏறினேன். கதவைத் திறந்த மாமி விஷயத்தைக் கேட்டு வெகு சாதாரணமாகத் தலையாட்டினார், ஏதோ நான் உறைமோர் கேட்டு வந்த மாதிரி.

"நியாயந்தான். ஆனா மாமாவுக்குத் தோள்பட்டை இறுகிண்டு கெடக்கு. பூணலை மாத்திக்கவே நான்தான் கையைத் தூக்கி விட்டுண்டிருக்கேன். பூசணிக்காயைக் காட்டினா அழுதுடுவார்."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது: "யாரு, பூசணிக்காயா? கொண்டு வரச் சொல்லு, பார்ப்போம்."

"நீங்க பேசாம பேப்பரைப் படிங்கோ" என்றார் மாமி.

கீழே இறங்கி வாட்ச்மேன் அண்ணனிடம் போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பூசணிக்காயா? இன்னாமா, இன்னைக்கு அமாவாசையா? நட்ட நடு ரோட்ல போட்டு ஒடைச்சிர்லாம் வா."

"திருஷ்டிக்கு இல்லண்ணா, சமைக்க. சும்மா ஒரு வெட்டு போட்டுக் குடுத்தா போதும்."

"அவ்ளோதானா? ஒரு நிமிசம், செக்ரட்டரி காரு வெளிய போவட்டும், வர்றேன்."

வெற்றி என்று மேலே ஓடிவந்து சொன்னால், அம்மா சட்டென்று புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஆம்பளைய வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாரியா? என் மூஞ்சி இருக்கிற இருப்புல?"

"நீ ரூம்ல இரு. அவர் சமையல்கட்டுக்கு வந்துட்டுப் போயிடுவார்."

"இங்கன இருந்து பேசினா அவனுக்குக் கேக்கும். பல்லில்லாம பேசற பேச்சு."

"பேசாதே."

"வீட்டுக்கு வந்த ஆளை வாங்கன்னு சொல்லாம எப்படிட்டி இருக்க?"

"அப்ப நான் காயைக் கீழே எடுத்துட்டுப் போறேன். வாசல் கேட் பக்கத்துலயே வெட்டட்டும்."

"வாசல்ல வெச்சுப் பூசணி வெட்டுனா திருஷ்டி கழிக்கிறதா ஆயிரும். கழிச்ச காயை யாராச்சும் திம்பாங்களா?"

"அப்ப போய் ஒரு பத்தை வாங்கிட்டு வரேன். முடிஞ்சது."

"இம்புட்டு பெரிசு வீட்டுல கெடக்கு. காசு குடுத்துப் பத்தை வாங்குவியா நீ?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலையில் கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். எங்கே முட்டுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால் எந்தச் சிக்கலும் அவிழும் என்பது என் நம்பிக்கை. இங்கே ஒரு கதவைத் திறந்தால் அந்தக் கதவே இன்னொரு கதவைச் சாத்துகிறது. வாட்ச்மேன் அண்ணன் கீழிருந்து, "யம்மா, வரட்டா?" என்று குரல் கொடுத்தார். "வேண்டாண்ணா" என்றேன். "இன்னா, ஆளு கெடச்சிட்டானா?" என்று கேட்டுவிட்டு ரேடியோவைத் தட்டப் போய்விட்டார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அப்பா இருந்தவரை எங்கள் வீட்டுக்கு முழுக் காய்தான் வரும். தி. நகரில் ஜவுளிக்கடை வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். அன்றைக்கு ஒரு பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கத்தியை ஒரு அழுத்து அழுத்தி, அது பிளந்ததும் பெரிய சாதனை செய்த மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார். சமையலில் அவர் செய்த ஒரே வேலை அது. அவர் போன பிறகு அம்மா பத்தைதான் வாங்கினாள். வீட்டில் ஆள் குறைந்துவிட்டது, அதனால் காயும் குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். காரணம் அது இல்லை. இத்தனை நாள் இந்த விதியைச் சுற்றி அவள் சத்தமில்லாமல் நடந்துபோயிருக்கிறாள். நான் ஒரு முழுக் காயைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டேன்.

அதை நினைத்ததும் எரிச்சல் குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இன்னும் ஏறியது. ஒரு காய்கூட முழுசாக வாங்கக் கூடாதா நாங்கள் இரண்டு பேரும்?

அம்மா ரூமுக்குப் போய்ப் படுத்ததும் கத்தியை எடுத்தேன்.

வீடியோவில் அந்தப் பெண் வெண்ணெய் வெட்டுவது போல வெட்டியிருந்தாள். என் கத்தி பாதித் தூரம் போய்ச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கத்தியோடு சேர்த்துக் காயைத் தூக்கி மேடையில் ஒரு இடி. மறுபடி ஒரு இடி. மேல் வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூன்றாவது இடியில் காய் வாயைப் பிளந்தது. உள்ளே நல்ல நிறம், விதையும் நாருமாகச் சிரித்தது. என் கட்டைவிரல் அடியில் ஒரு கொப்புளம்.

திரும்பினால் வாசற்படியில் அம்மா. காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். தயாராக, மூன்று நான்கு பதில் இருந்தது.

சரி, ருசி பேசட்டும் என்று வேலையைத் தொடங்கினேன். ஒரு பாதியை மட்டும் தோல் சீவித் துண்டு போட்டு, மஞ்சள்தூள், உப்பு, கீறின பச்சைமிளகாய், ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில். திறந்தால் உள்ளே குளம். காய் கரைந்து தண்ணீரில் மிதந்தது. பரங்கிக்காய் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும், மேலே ஊற்றக் கூடாது என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை, அல்லது நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். வாணலியில் கொட்டி வற்றவைத்தேன். அது கொதித்துக் கொதித்து என் கையிலும் டைல்ஸிலும் தெறித்தது. மத்தை எடுத்து மசித்தேன். தண்ணீர் சுண்டச் சுண்ட ஒரு இனிப்பு வாசனை எழுந்தது. துளி வெல்லம், பெருங்காயம். கெட்டியாகி, கரண்டியிலிருந்து வழியாமல் தொங்கியது. அப்பாடா.

தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, பொன்னிறமாக, பெருமையாக, மேலே கொட்டப் போகும்போதுதான் நினைவு வந்தது. உளுத்தம்பருப்பு. தையல் போட்ட ஈறில் ஒரு பருப்பு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும். டீ வடிகட்டியில் எண்ணெயை மட்டும் வடித்து ஊற்றினேன். வடிகட்டியில் மிச்சமிருந்த பருப்பை நானே நின்றபடி மென்று தின்றேன். ஆத்திரத்தில் மெல்வதற்கு நல்ல பொருள் அது.

சாதத்தைக் கூழாகக் குழைத்து, நடுவில் குழி செய்து, மசியலை வைத்து, நெய் விட்டுக் கொண்டுபோனேன்.

"எனக்குக் கஞ்சி போதும்" என்றாள் அம்மா.

"அம்மா, நீ கேட்டதுதான் இது."

"நீ தின்னு. நான் குறை சொல்லல, நல்லாத்தான் இருக்கும்."

"மத்தியானம் மாத்திரை இருக்கு. நேத்து மாதிரி விழப்போறியா?"

அம்மா சுவரைப் பார்த்தாள்.

"வெட்டினா என்னதான் ஆகும்? அதையாவது சொல்லு."

முனகலாகச் சொன்னாள்: "வீட்டு ஆம்பளைக்கு ஆகாது."

"இந்த வீட்டுல எந்த ஆம்பளைம்மா இருக்கான்?"

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. அம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். கோபம் இல்லை, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது போன்ற ஒரு பார்வை.

"ஒருத்தன் இருக்கான்ல. தூரத்துல. தெனமும் பைக்ல போயிட்டு வாரவன்."

தம்பி. புனேயில் வேலை. கணவனை வைத்து அல்ல, மகனை வைத்துத்தான் அவளுக்குப் பயம். என் வாதங்கள் எல்லாம் ஒன்றாகக் குப்புற விழுந்தன. மூடநம்பிக்கை என்று சொல்லலாம். சொன்னால் அவள் சாப்பிடுவாளா?

போனை எடுத்து அவனுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் அப்போதுதான் எழுந்திருக்கிறான் போல, தலைமுடி ஒரு பக்கமாக நின்றது. வாயில் டூத் பிரஷ்.

"இதோ பாரு, உயிரோட இருக்கான்" என்று திரையை அம்மா முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"என்னக்கா, நான் செத்துட்டேன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சா?"

"வாயக் கழுவு, நாயே" என்றாள் அம்மா.

நடந்ததைக் கொட்டினேன். நுரையைத் துப்பிவிட்டு வந்தான். முகத்தை மிகவும் சீரியஸாக வைத்துக்கொண்டான். அந்த முகம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டோடு வரும்போது வைத்திருப்பான்.

"ம்மா, மொத்தக் காயும் வெட்டியாச்சா, பாதிதானா?"

"ஒரு பாதி அப்படியே இருக்கு" என்றேன் நான்.

"அப்ப இன்னும் வெட்டு முடியல. அக்கா ஆரம்பிச்சா, நான் முடிக்கிறேன். என்னைக் காய்கிட்ட கொண்டு போ."

"டேய், விளையாடாதே."

"நீ போக்கா."

ஒரு கையில் போன், ஒரு கையில் கத்தி. சமையல்கட்டில், அந்தப் பாதிப் பரங்கிக்காய்க்கு முன்னால் நான் தம்பியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். அம்மா பின்னாலேயே எழுந்து வந்துவிட்டாள். திரையில் அவன் ஷேவிங் செட்டோ எதையோ கத்தி மாதிரிப் பிடித்து, கண்ணை மூடி, முணுமுணுத்து, "அக்கா, நான் ம்னு சொன்னதும் நீ அழுத்து. நீ என் கை. ம்" என்றான்.

அழுத்தினேன். இந்த முறை கத்தி சுலபமாக இறங்கியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"முடிஞ்சுது. எனக்குக் கை வலிக்குது" என்றான்.

அம்மா கன்னத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். "சிரிக்க வைக்காதடா, தையல் இழுக்கு."

"போய்ச் சாப்பிடு. நான் பாத்துட்டுத்தான் வைப்பேன்."

அவள் சாப்பிட்டாள். முதல் ஸ்பூனை ஓரமாக வாயில் விட்டு, மேலண்ணத்தில் வைத்து மெதுவாக நசுக்கி, விழுங்கினாள். இரண்டாவது. மூன்றாவதற்கு அவளே நடுக்குழியிலிருந்து மசியலை அதிகமாக எடுத்துக்கொண்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் மஞ்சள் தெறிப்பு, விரலில் கொப்புளம். தட்டு காலியாகிற சத்தம் கேட்டது.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் அவன்.

"நல்லா இருக்குடா. உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி."

அவனிடம் சொல்கிறாள். அவன் நின்று கிண்டிய மாதிரி. "அடுத்த தடவ பாத்துக்கறேம்மா" என்கிறான் அவனும். போனை அணைத்துவிட்டு, மாத்திரையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. வாணலியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டேன். உப்பு கம்மிதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்துக்காக அடையாறு ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பும்போது மழை, பஸ் மந்தைவெளியிலேயே நின்றுவிட்டது. நனைந்து வீட்டுக்கு வந்து, ராத்திரிக்கு அம்மாவுக்கு என்ன செய்வது என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எவர்சில்வர் டப்பாவில் அந்த மிச்சப் பாதிப் பரங்கிக்காய். தோல் சீவி, ஒரே அளவில், அழகாகத் துண்டு போட்டிருந்தது. என் துண்டுகள் மாதிரி ஒன்று மலையும் ஒன்று மடுவுமாக இல்லை.

"இதை யாரு வெட்டினது?"

"அவன்தான் வெட்டிட்டானே" என்றாள் அம்மா ஹாலிலிருந்து, டிவியைப் பார்த்தபடியே. "நான் துண்டுதான் போட்டேன்."

ஈரத் துப்பட்டாவைப் பிழிந்து நாற்காலியில் போட்டேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. குக்கரை எடுத்துத் துண்டுகளைக் கொட்டி, தண்ணீர் ஊற்றாமல் மூடினேன்.

"ஒரு கல்லு உப்பு கூடப் போடு" என்று குரல் வந்தது. "வர்ற ஞாயித்துக்கெழமை பத்தை வாங்காத. ஈ மொய்க்கும்."